புஷ்பராணி அன்ரியின் கல்முகம்

பல வருடங்கள் தொழிற்சாலையில் காற்சட்டை தைத்த புஷ்பராணி அன்ரி, சென்ற வைகாசியில், பிரெஞ்சு பேசும் செயின்ட்-மிஷேல் பகுதியில் சொந்தத் தையல்கடை திறந்தார்.

கடை ஒரு பழைய கல் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருக்கிறது. கூரை விளிம்பிலிருந்து, சரியாக வாசலுக்கு மேலே, ஒரு கல்முகம் கழுத்தை நீட்டிக்கொண்டிருக்கும். சிங்கப் பிடரி, வௌவால் காது, பிளந்த வாய்.

"கலியாணச் சட்டைக்கு வாற பிள்ளையள் இந்த மூஞ்சையிலயோ முழிக்கிறது? இஞ்சரப்பா, இதைக் கட்டிவிடுங்கோ," என்றார் அன்ரி கணவரிடம்.

"என்ர மூஞ்சையில இவ்வளவு காலமும் முழிச்சனீர்தானே," என்ற நகுலேஸ்வரன் மாமா, மேல்வீட்டுப் பல்கனியில் நின்று, தடித்த துணியால் அதன் முகத்தை வாயோடு சேர்த்து இறுக்கிக் கட்டினார். கண்ணூறு படாமலிருக்க அன்ரி வாசலில் தேசிக்காயும் மிளகாயும் தொங்கவிட்டார்.

திறப்பு விழாவன்று காலையிலிருந்தே மழை. மறுநாள் ஒரு மணப்பெண்ணுக்குக் கொடுக்க வேண்டிய பட்டுச் சட்டைகள் உள்ளே தொங்கின. அன்ரிக்குக் கிடைத்த முதல் பெரிய ஓடர் அது. விளக்கேற்றப் போகும்போது சுவரில் தண்ணீர் வழியத் தொடங்கியது. சட்டைகளை அள்ளி மேசையில் போட்டால், மேசைக்கு மேலேயும் சொட்டியது.

"அம்மா, அந்தக் கல்மூஞ்சைக் கார்குய்யை ஏன் கட்டினனீங்கள்?" என்று மகள் ஆர்த்திகா கத்தினாள். "அது பேயில்லை, கூரைத் தண்ணி போற பீலி. வாயை அடைச்சா தண்ணி சுவருக்குள்ளதான் இறங்கும். பிரெஞ்சில தொண்டையெண்டதில இருந்துதான் அந்தப் பேரே வந்தது."

"கோயில்ல அபிஷேகத் தண்ணி போற கோமுகி மாதிரியோ?"

"ஓம்."

"அப்ப ஏன் பேய் மூஞ்சை?"

"கெட்டதுகளை வெருட்டவாம்."

அன்ரி தையல் கத்தரிக்கோலை எடுத்தார். பட்டுச்சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வெளிப்படிகளில் ஓடி ஏறித் துணியை வெட்டினார். தேங்கி நின்ற தண்ணீர் பாய்ந்து, சுவரைத் தொடாமல், நடைபாதையில் அண்ணாந்து நின்ற மாமாவின் வெள்ளை வேட்டியில் விழுந்தது.

"முதல் துப்பு எனக்கோ?"

"கட்டினது ஆர்?" என்றார் அன்ரி மேலிருந்து.

விழாவுக்கு வந்திருந்த நானும் பிறகு இதைத் தேடிப் படித்தேன். எகிப்திலும் கிரேக்கத்திலும் கோயில் கூரைகளில் சிங்கத்தலைகள் இப்படித்தான் மழைநீரைத் துப்பினவாம். சுவர் நனைந்து கெடாமலிருக்க, ஐரோப்பியத் தேவாலயங்களும் பின்னர் அதையே செய்தன.

அன்று துணியை வெட்டியதும் சுவரில் வழிந்தது நின்றது. ஒரு சட்டையின் கை மட்டும் நனைந்திருந்தது. ஸ்திரிக்கைப் பெட்டி அதைச் சரிசெய்தது. மறுநாள் மணப்பெண் சட்டைகளை வாங்கிக்கொண்டு, கல்முகத்தின் கீழே நின்று படமும் எடுத்தாள்.

அன்ரி தேசிக்காயைக் கழற்றிவிட்டார்.

"கண்ணூறு பாக்க மேல ஆள் இருக்குது," என்றார். "தண்ணி வேலையும் அவர்தான். சம்பளமும் கேக்கமாட்டார்."