வள்ளத்துக்கு ஒரு கண்ணாடிச் சட்டை

படகு கட்டும் தொழிற்சாலையில் எனக்குக் கிடைத்த வேலை கூட்டுவது, துடைப்பது, ஓரம் வெட்டுவது. ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றிக் கடலைக் கடக்கிற மிதவையை எங்கள் பக்கத்தில் பாதை என்பார்கள். ஊர்காவற்றுறையில் காலைப் பாதையில் ஏறி அந்தக் கரையில் இறங்கினால் கொஞ்சத் தூரம்தான் நடை. ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்ட எனக்கு அது பெரிய உத்தியோகம்.

அந்த வேலையை எனக்குக் கேட்டு வாங்கித் தந்தவர் என் மனைவியின் தமையன். நான் வாசலில் சப்பாத்துத் துடைக்கிற சாக்கின்மேல் நின்றேன். மச்சான் உள்ளே போய்க் கதைத்தார். "ஆள் கதைக்க மாட்டார், வேலை செய்வார்" என்று அவர் சொன்னது வெளியே கேட்டது. எனக்கு வயிற்று வலி வந்து ஆசுப்பத்திரிக்குப் போனபோதும் அப்படித்தான். எந்த இடத்தில் வலி என்று டாக்குத்தர் கேட்க, மச்சான் தன் சாரத்தைச் சற்று இறக்கித் தன் வயிற்றில் விரலால் குத்திக் காட்டினார். டாக்குத்தர் மருந்தை யாருக்கு எழுதுவது என்று குழம்பிப்போனார்.

சிறு வயதிலிருந்தே ஆட்களைக் கண்டால் எனக்கு நாக்கு உள்ளே போய்விடும். கலியாணம் கட்டிய பிறகு எனக்கென்று ஒரு வாய் கிடைத்தது. அது மச்சானுடைய வாய்.

தொழிற்சாலையில் மரமில்லாமல் வள்ளம் செய்தார்கள். கண்ணாடியை நூலாக இழுத்துப் பாய்போல் ஆக்கிய சுருள்கள் வரும். அவற்றை வள்ளத்தின் வடிவில் இருக்கும் பெரிய அச்சுக்குள் விரித்து, ரெசின் என்கிற பிளாஸ்டிக் குழம்பைப் பூசி உருளையால் தேய்ப்பார்கள். குழம்பு இறுகியதும் கண்ணாடியும் பிளாஸ்டிக்கும் ஒன்றாகி, மரத்தை விட இலேசாகவும் புழு தின்னாததாகவும் ஒரு பொருள் வரும். பாயை வெட்டும்போது விழும் துண்டுகள், பீப்பாய் அடியில் மிஞ்சும் குழம்பு, ஓரம் அரியும்போது பறக்கும் தூள் எல்லாவற்றையும் கொட்டகைக்குப் பின்னால் நிலத்தில் வெட்டிய ஒரு கிடங்கில் போட்டு எரிப்பார்கள். கரும்புகை எழும்பும். அயலிலுள்ள பெண்கள் வேலியோரம் நின்று திட்டுவார்கள்.

அந்தத் தூள் உடம்பில் ஏறினால் சொறியாமல் இருக்க முடியாது. நான் வீட்டுக்கு வந்ததும் மனைவி என்னைக் குசினிப் பக்கம் விட மாட்டாள்.

"காஞ்சோண்டிப் பத்தைக்கை படுத்து எழும்பின மாதிரி வாறியள். முதல் கிணத்தடிக்குப் போங்கோ. அந்தச் சட்டையைப் பிள்ளையளின்ரை உடுப்போடை போட்டிடாதையுங்கோ!"

மச்சானுக்குச் சொந்தமாக ஒரு சின்ன மரவள்ளம் இருந்தது. ஆழமில்லாத பரவைக்கடலில் வலை போட்டு நண்டும் இறாலும் எடுப்பார். பெரிய வருமானம் இல்லை. ஆனால் யாருக்கும் கீழே நிற்காத தொழில். எழுபதுகளின் கடைசியில் ஒரு பங்குனி மாதம், அந்த வள்ளத்தின் அடிப்பலகையைக் கடற்புழு அரித்துவிட்டது தெரிந்தது. தகரம் வைத்துத் தைத்த இடத்துக்குப் பக்கத்தில் இன்னொரு ஓட்டை, அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. கடைசியில் வலை இழுப்பதை விடத் தண்ணீர் இறைப்பதுதான் அவருடைய வேலை ஆகிவிட்டது.

சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று தொடங்கினால் எங்கள் பக்கத்துக் கடல் குழம்பும். அந்த மாதங்களில் பல குடும்பங்கள் முல்லைத்தீவுக் கரைக்குப் போய் வாடி என்கிற கொட்டில் அடித்துத் தொழில் செய்யும். அங்கே ஒரு சம்மாட்டி மச்சானைத் தன் வள்ளத்துக்கு ஆளாகக் கூப்பிட்டிருந்தார். போனால் மச்சாளும் பிள்ளைகளும் சேர்ந்துதான் போக வேண்டும். அப்படிப் போன சிலர் அங்கேயே தங்கிவிட்டதும் உண்டு. இதைக் கேட்டதிலிருந்து என் மனைவி சோறு பரிமாறும்போதுகூட மூக்கை உறிஞ்சினாள். மச்சான் இல்லாத ஊர்காவற்றுறையில் நான் எப்படி இருப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

அந்த யோசனையில் இருக்கும்போதுதான் எனக்குக் கிடங்கின் நினைவு வந்தது. மரவள்ளத்தின் மேலே அந்தக் கண்ணாடிப் பாயை ஒட்டிவிட்டால் என்ன? எரிக்கிற துண்டுகள்தானே.

எங்களை மேற்பார்வை பார்க்கிற போர்மனிடம் கேட்க எனக்கு ஒரு கிழமை பிடித்தது. கழிவைக் கிடங்கில் கொட்டாமல் கையில் வைத்துக்கொண்டு அவர் முன்னால் நின்றேன்.

"என்ன, அதைக் கொண்டு போகப் போறீரோ?" என்றார் அவர். நான் தலையாட்டினேன். "கொண்டு போம், கொண்டு போம். அந்தப் பெண்டுகளின்ரை ஏச்சாவது குறையட்டும். எதில ஒட்டப் போறீர்? மரத்திலயோ? அப்ப மரத்தை நல்லாச் சுரண்டிக் காயவையும். அப்பளம் மாதிரிக் காய வேணும்."

அதற்குப் பிறகு ஒவ்வொரு பின்னேரமும் நான் பாதையில் ஒரு சாக்குப் பாய்த்துண்டுகளோடு ஏறினேன். பழுது வந்த பிளாஸ்டிக் வாளியில் மிஞ்சிய குழம்பு. உரப்பையில் தூள். குழம்பை இறுக வைக்கிற மருந்தைப் போர்மன் ஒரு சிறு போத்தலில் தந்தார். முதல் முறை அளவு தெரியாமல் கூடுதலாக ஊற்றிவிட்டேன். மனைவியின் அலுமினியச் சட்டிக்குள் குழம்பு புகைந்து, கொதித்து, கல்லாய்ப் போயிற்று. சட்டியைக் கவிழ்த்துத் தட்டினாள். அசையவில்லை.

"நல்ல கறி. இனி ஏழு தலைமுறைக்கும் பழுதாகாது" என்றாள்.

பழகப் பழகக் கை சரியாக வந்தது. ஓட்டைகளையும் வெடிப்புகளையும் அடைக்கத் தூளையும் குழம்பையும் சேர்த்துக் களியாகக் குழைப்பேன். அவள் எட்ட நின்று பார்த்துவிட்டு, "நீங்கள் புட்டுக்குக் குழைக்கிறியளோ, ரொட்டிக்குக் குழைக்கிறியளோ? ரொட்டிப் பதத்துக்கு இன்னும் கொஞ்சம் இளக வேணும்" என்பாள். அவள் சொன்ன ரொட்டிப் பதம்தான் நன்றாகப் பிடித்தது.

மச்சான் வள்ளத்தைக் கரையில் பூவரசுக்குக் கீழே கவிழ்த்துச் சுரண்டினார். சிப்பியும் பாசியும் போகச் சுரண்டி, சோடாத்தூள் போட்டுக் கழுவி, வெயிலில் இழுத்து வைத்துக் காயவிட்டார். நான் சொன்னதை அப்படியே செய்தார். கரையில் போய் வருகிறவர்கள் சும்மா போவதில்லை.

"என்ன, வள்ளத்துக்குச் சவரமோ?"

"ஓம். நாளைக்குச் சட்டை போடுறம். என்ரை மச்சான் கண்ணாடியில தைச்சுக் கொண்டு வாறான்."

"கண்ணாடிச் சட்டையோ! உள்ளுக்கை இருக்கிறதெல்லாம் தெரியப் போகுது!"

சனிக்கிழமை விடியத் தொடங்கி மத்தியானம் சாய்ந்த பிறகுதான் முடித்தோம். முதலில் களியால் ஓட்டைகளை அடைத்தேன். பிறகு துண்டு துண்டாகப் பாயை ஒன்றின்மேல் ஒன்று ஏறும்படி வைத்துக் குழம்பு பூசிப் பூசித் தேய்த்தேன். எல்லாம் வேறு வேறு அளவுத் துண்டுகள். பெரும் பகுதி உள்ளங்கைக்கு மேல் இல்லை. வள்ளம் மீன் செதில் முளைத்ததுபோல் இருந்தது. குழம்பின் மணத்தில் இருவருக்கும் தலை சுற்றியது. முடிந்ததும் மச்சான் எட்டப் போய் நின்று இடுப்பில் கைவைத்துப் பார்த்தார். அந்த முகத்தை எனக்கு மறக்க ஏலாது. முதல் பிள்ளையைக் கையில் வாங்கியபோதுதான் அப்படிச் சிரித்தார்.

அடுத்த நாள் பூசை முடிந்து கோயிலிலிருந்து நேரே கரைக்குப் போனோம். குழம்பு நன்றாக இறுகியிருந்தது. மச்சான் சந்தோசத்தில் ஓரத்தில் நகத்தை வைத்துப் பார்த்தார். நகம் உள்ளே போயிற்று. விரல் போயிற்று. இன்னும் கொஞ்சம் தூக்க, கை முழுவதும் போயிற்று. பாய் மரத்தில் ஒட்டவே இல்லை.

நான் குனிந்து அந்த இடைவெளியில் மணந்து பார்த்தேன். சுறா எண்ணெய்.

எங்கள் கரையில் மரவள்ளத்துக்கு எண்ணெய் கொடுப்பது பிள்ளைக்குப் பால் கொடுப்பதுபோல. மாதத்துக்கொரு தடவை சுறா எண்ணெய் பூசாவிட்டால் பலகை வெடிக்கும். மச்சான் மீதும், வலை மீதும், கரை முழுவதும் அந்த மணம் எப்போதும் இருப்பதால் சனிக்கிழமை எனக்கு அது வித்தியாசமாகப் படவில்லை.

"எப்ப பூசினனீ?" என்று கேட்டேன்.

"வெள்ளிக்கிழமை பொழுதுபட." மச்சானின் குரல் இறங்கிவிட்டது. "ஒரு பூச்சு மட்டும்தான், மச்சான். துணியால துடைச்சும் விட்டனான். எண்ணெய் வைக்காமல் ஆரும் புதுச்சட்டை போடுறதே? அதுவும் காஞ்சு போய்க் கிடந்தது. பாக்கப் பாவமாய் இருந்துது."

கோபிக்க எனக்கு மனம் வரவில்லை. அவர் வள்ளத்தின்மேல் வைத்திருந்த அன்பே அதைக் கெடுத்துவிட்டது. மச்சான் அந்த ஓரத்தை மெதுவாக அழுத்தி மூடிவிட்டு, சாரத்தை உதறிக் கட்டிக்கொண்டு ஒன்றும் பேசாமல் வீட்டுக்குப் போனார். அவர் பேசாமல் போனதை நான் அன்றுதான் பார்த்தேன்.

நான் பூவரசுக்குக் கீழே இருந்தேன். எண்ணெயும் கண்ணாடிப் பாயும் திரும்பத் திரும்ப மனதில் ஓடின. அப்போது என் கையே எனக்கு நினைவூட்டியது. தொழிற்சாலையில் ஒவ்வொரு வள்ளத்துக்கும் முன்னால் அச்சுக்கு மெழுகு பூசித் துடைப்பது என் வேலை. எதற்காக? இறுகிய வள்ளம் அச்சில் ஒட்டாமல் முழுதாகக் கழன்று வர வேண்டும் என்பதற்காக. மச்சான் செய்ததும் அதுதான். மெழுகுக்குப் பதில் சுறா எண்ணெய். எனக்கு முன்னால் கவிழ்ந்து கிடந்தது ஓர் அச்சும், அதன்மேல் ஒரு வள்ளமும்.

மச்சான் வீட்டுக்கு ஓடினேன். முற்றத்தில் சட்டி பானைகள் சாக்கில் ஏறிக்கொண்டிருந்தன. வள்ளம் சரிவராவிட்டால் என்று பேசி வைத்திருந்த முல்லைத்தீவு லொறி செவ்வாய்க்கிழமை. லொறிக்காரரும் இரண்டு அயலவர்களும் கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்தார்கள். அத்தனை பேரையும் கண்டதும் வழக்கம்போல என் நாக்கு உள்ளே போயிற்று. மச்சான் என்னை நிமிர்ந்து பார்த்தார். எனக்காகக் கதைக்க வேண்டியவரே அங்கே தலையைக் குனிந்துகொண்டு கயிறு முடிந்தார்.

"அது பழுதாகேல்லை" என்றேன்.

எல்லாரும் திரும்பினார்கள்.

"எது?" என்றார் லொறிக்காரர்.

"வள்ளம். கழட்டலாம். முழுசாய்க் கழட்டலாம். தூக்க ஆள் வேணும். மச்சான், கயிறை விடும். நீர் ஒரு இடமும் போக வேண்டாம்."

நீ என்று கூப்பிடுகிறவரைப் பதற்றத்தில் நீர் என்று சொல்லிவிட்டேன். மச்சாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "ஐயோ, ஆள் கதைக்கிறார்!" என்றாள். மச்சான் கயிற்றைக் கீழே போட்டார். பிறகு அயலவர்களிடம், "எழும்புங்கோ. தேத்தண்ணியைப் பிறகு குடிக்கலாம். இவன் வாய் திறந்தால் விசயம் இருக்கும்" என்றார்.

தொழிற்சாலையில் செய்வதுபோல ஓரத்தில் இடைவெளியை விரித்து வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினோம். தண்ணீர் உள்ளே இறங்கி மரத்துக்கும் பாய்க்கும் நடுவில் பரவியது. மரச்சுத்தியலைத் துணியால் சுற்றி நான் மேலே தட்டிக்கொண்டு போனேன். லொறிக்காரர் உட்பட எல்லாரும் ஓரத்தைப் பிடித்தார்கள். "ஏலோ!" என்று மச்சான் குரல் கொடுத்தார். நீண்ட மூச்சு விட்டதுபோல் ஒரு சத்தம். கண்ணாடிச் சட்டை கழன்று மேலே வந்தது.

அதைத் திருப்பி மணலில் வைத்தபோது மச்சான் முழங்காலில் நின்று உள்ளே கையை விட்டார். பலகையின் ரேகை, தகரம் வைத்த இடம், ஆணித் தலைகள் எல்லாம் உட்புறத்தில் அச்சாக விழுந்திருந்தன. குருடன் முகம் தடவுவதுபோல் தடவிக்கொண்டே போனார்.

"என்ரை வள்ளத்தின்ரை தழும்பெல்லாம் இருக்கு" என்றார்.

அது உடனே கடலுக்குப் போகவில்லை. மெல்லிய தோல்தானே; பக்கங்களை அழுத்தினால் வயிறு போல உள்ளே போய் வந்தது. லொறிக்காரர், "நான் செவ்வாய்க்கிழமை வெறும் லொறியோ கொண்டு போறது?" என்று முறைத்துவிட்டு, பின் வேறு ஒரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போனார். என் மனைவியும் மச்சாளும் உள்ளே ஏறியிருந்து சாம்பலும் தேங்காய்த் தும்பும் போட்டு எண்ணெய் போகத் தேய்த்தார்கள். நான் விலா எலும்புகள்போல் குறுக்கே தும்புக் கயிறுகளை வைத்து, அவற்றின்மேல் இன்னும் பாய்த்துண்டுகளை ஒட்டி இறுக்கினேன். மூலைகளுக்கெல்லாம் ரொட்டிப் பதத்தில் களி. ஓரத்துக்குப் பழைய வள்ளத்தின் நல்ல பலகைகளையே கழற்றிப் பூட்டினோம்.

கடலில் இறக்கிய நாள் கரையில் நின்றவர்கள் அது தாழும் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். தாழவில்லை. மரவள்ளத்தை விட இலேசாக இருந்ததால் மச்சான் முதலில் ஏறியதும் அது ஆடியது, அவரும் ஆடினார். பிறகு தண்டை ஊன்றித் தள்ளிக்கொண்டு போனார். பின்னேரம் வந்தபோது வள்ளத்தின் அடியில் நண்டுகள் மட்டும் நகர்ந்தன. தண்ணீர் இறைக்கிற பேணி காய்ந்தபடி கிடந்தது. அந்தப் பேணியைத்தான் என் மனைவி முதலில் எடுத்துப் பார்த்தாள்.

மச்சான் அந்த வருடம் முல்லைத்தீவுக்குப் போகவில்லை. அதற்குப் பிறகும் போகவில்லை. அந்த வள்ளம் இப்போதும் ஓடுகிறது. மாதத்துக்கொரு தடவை அதைக் கவிழ்த்து வைத்துச் சுறா எண்ணெய் பூசுகிறார். போன கிழமையும் பூசினார். பக்கத்தில் நின்ற நான், இது கண்ணாடியும் பிளாஸ்டிக்கும், இதற்கு எண்ணெய் தேவையில்லை, ஒரு சொட்டும் உள்ளே போகாது என்று விளங்கப்படுத்தினேன்.

"நீ பேசாமல் இரு" என்றார் மச்சான்.

என்னைப் பார்த்து அப்படிச் சொல்ல இந்த ஊரில் வேறு யாருக்கும் ஒரு காரணம் கிடைத்ததில்லை. நானும் ஒரு துணியை எடுத்து அடுத்த பக்கத்தைத் தேய்க்கத் தொடங்கினேன்.