மலாக்காவுக்குப் பாட்டுக் கட்டிய சூசை

சூசை போய்ச் சேர்ந்துவிட்டான்.

காலையில் திருச்சியிலிருந்து அவன் மகள் மேரி போன் செய்தாள். "அங்கிள்... அப்பா முந்தாநாள் தூக்கத்துலேயே போயிட்டாரு. அடக்கம் பண்ணிட்டோம்."

அடக்கமே முடிந்துவிட்டதாம். நான் இங்கே மலாக்காவில், காஜா பேராங்கில் கோப்பி கலக்கிக்கொண்டிருக்கிறேன்.

ஃபேஸ்புக்கில் போட்டு யாரையாவது டேக் பண்ணலாம் என்று லிஸ்ட்டைப் பார்த்தேன். சூசையைத் தெரிந்த ஒரு ஆள்கூட மிச்சமில்லை. அதனால் தெரியாத உங்களிடம் சொல்கிறேன், கேட்டுத் தொலையுங்கள்.

மெர்டேக்கா, அதாவது மலாயாவுக்குச் சுதந்திரம், கிடைத்த புதிது. எங்கள் இரண்டு பேருக்கும் இருபது, இருபத்தொன்று வயது. நான் டவுனில் கிளார்க். அவனுக்கு ஆஸ்திரேலியா சோல்ஜர்கள் தங்கியிருந்த கேம்ப் கேன்டீனில் வேலை. பியர் ஊற்றுவான், கிளாஸ் கழுவுவான், கையில் கித்தார் கிடைத்தால் பாடுவான்.

எல்லாம் கன்ட்ரி பாட்டு... ரெக்கார்ட் கேட்டே கற்றுக்கொண்டது. டெக்சாஸைப் பற்றி ஒன்று, டென்னசியைப் பற்றி ஒன்று, குவீன்ஸ்லாந்துக்கு ஒன்று. ஆளுக்குத் தகுந்த மாதிரி எடுத்துவிடுவான். ஆறடி ஆள்களெல்லாம் மூக்கைச் சிந்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார்களாம்.

ஒருநாள் ஒரு டாஸ்மேனியாக்காரன் கேட்டிருக்கிறான். "சரி, உன் ஸ்டேட் பாட்டைப் பாடு."

சூசையிடம் இல்லை.

சைக்கிளை மிதித்துக்கொண்டு நேராக என் வீட்டுக்கு வந்தான். முகம் சுண்டிப்போயிருந்தது. "டேய் செல்வம், நம்ம மலாக்காவுக்கு ஒரு பாட்டுகூட இல்லையாடா? மானம் போச்சு லா."

அந்தப் பாட்டுகளில் மலை, ஆறு, அம்மா மூன்றும் கட்டாயம் வரும். "நம்ம ஆறு நாறுதுடா" என்றேன். "நாறட்டும். நம்ம ஆறுதானே, எழுது" என்றான்.

எழுதினோம். "ஆறு கொஞ்சம் நாறும், அது எங்க ஊரு ஆறு... பத்து பெரெண்டாம் தாண்டினாலே படபடக்குது பாரு..."

பத்து பெரெண்டாம் டவுனுக்கு வெளியே இருக்கிற இடம். சிரிக்காதீர்கள். அவன் குரலில் கேட்டிருந்தால் நீங்களும் அழுதிருப்பீர்கள்.

சூசை பிறந்தது தஞ்சாவூர்ப் பக்கம். மூன்று வயதில் அம்மா இடுப்பில் உட்கார்ந்து கப்பலில் வந்தவன். அதனால் அவனுக்குச் சிவப்பு ஐ.சி., குடியுரிமை இல்லாதவர்களுக்குக் கொடுக்கிற அடையாள அட்டை. இங்கேயே பிறந்த எனக்கு நீலம்.

ஃபாரம் போட்டிருந்தால் அப்போது குடியுரிமை கிடைத்திருக்கும். மலாய் தெரிய வேண்டும், அவ்வளவுதான். அவன் பேசினால் மலாய்க்காரர்களே திரும்பிப் பார்ப்பார்கள். நானே ஃபாரத்தைக் கொண்டுபோய் நீட்டினேன்.

"என் சொந்த ஊருல இருக்க நான் எதுக்குடா மனு போடணும்? பாட்டுக் கட்டினவனே நான்தான்!"

என்னமா சொன்னான் என்று நான் கைதட்டினேன். கைதட்டினேனே... நாலு எழுத்து படித்த கிளார்க் நான். கையைப் பிடித்து இழுத்தாவது கையெழுத்து வாங்கியிருக்க வேண்டாமா? முட்டாள்.

சில வருஷம் கழித்துச் சட்டம் வந்தது. சிவப்பு ஐ.சி. என்றால் வேலைக்கு பெர்மிட் வேண்டும். அவனுக்குக் கிடைக்கவில்லை.

பெண்டாட்டியையும் கைக்குழந்தை மேரியையும் கூட்டிக்கொண்டு ஊருக்கு... ஊர் என்று எழுதவே கை வரவில்லை. இந்தியாவுக்குக் கப்பல் ஏறினான்.

வழியனுப்ப நான் கிள்ளான் துறைமுகம் வரைக்கும் போனேன். அன்றைக்கு அவன் பாடவில்லை. "ஆறு மாசத்துல வந்துருவேன் மச்சான். ஃபாரம் எடுத்து வை, இந்தத் தடவ சைன் பண்றேன்" என்றான்.

எடுத்து வைத்தேன். முதலில் கடிதம் வந்தது, பிறகு போன் வந்தது. அவன் வரவே இல்லை.

என் மனைவி போய் ஏழு வருஷமாகிறது. பிள்ளைகள் சிங்கப்பூரில். ஞாயிற்றுக்கிழமை காலையில் சூசை போன் செய்வான். "அங்க மழையாடா?" என்றுதான் ஆரம்பிப்பான். இந்த வீட்டில் வாரத்துக்கு ஒருநாள் கேட்கிற குரல் அது ஒன்றுதான்.

நாளைக்கு ஞாயிறு. என்ன செய்வதென்று தெரியவில்லை.

மேரி போனை வைப்பதற்கு முன்னால் ஒன்று கேட்டாள். "கல்லறையில சொந்த ஊருன்னு ஒரு வரி வரும் அங்கிள். பங்காளிங்க எல்லாம் தஞ்சாவூர்னு போடச் சொல்றாங்க. எனக்கு மனசு வரல. நீங்க சொல்லுங்க, என்ன போடட்டும்?"

"மலாக்கான்னு போடும்மா. யாராச்சும் கேட்டா, செல்வம் சொன்னான்னு சொல்லு."

சரி என்றாள். போனை வைத்ததும் அழுதுவிட்டேன்.

போய் வாடா சூசை. இங்கே நான் ஒருத்தன்தான் இருக்கிறேன்.