கண்டறியாத டெக்ஸஸ்

என்ர மனுசனுக்கு ஒரு வருத்தம் இருக்கு. போனில ஏதாவது புதினம் வாசிச்சால் அதை எனக்குச் சொல்லாமல் அவருக்குச் சோறு இறங்காது. போன வருசம் ஹூஸ்டனில இருக்கிற என்ர தம்பி புது வீடு குடிபூரலுக்குக் கூப்பிட, பிளேன் ரிக்கெற் போட்ட அண்டைக்கே தொடங்கிட்டார். "டெக்ஸஸ் முந்தித் தனி நாடப்பா, ஒரு ஒன்பது பத்து வருசம்." நான் வெங்காயம் வெட்டிக்கொண்டு நிக்கிறன். "அமெரிக்காவில அதுதான் பெரிய மாநிலம் எண்டு கன சனம் நினைக்குது. இல்லை, அலாஸ்காதான் பெரிசு, இது ரெண்டாவது." கரண்டு லைனையும் அங்கத்தைய ஆக்கள் அனேகமாய்த் தங்களுக்கெண்டு தனியத்தான் வைச்சிருக்கினமாம். எங்கட இலங்கையைப் பத்துத் தரம் அதுக்குள்ள அடுக்கலாமாம். "அடுக்கி என்ன செய்யப் போறியள்?" எண்டு கேட்டன்.

எங்கட ஆக்களிட்ட ஒரு பழக்கம் இருக்கு. ஒருத்தர் பிளேன் ஏறப்போறார் எண்டு காத்துவாக்கில கேட்டால் போதும், பார்சல் கட்டத் தொடங்கிடுவினம். மிளகாய்த்தூள், சீலை, மருந்து, என்ன இழவெல்லாம் வரும். எனக்கு அதில சரியான எரிச்சல். ஆனா ஸ்காபரோவில எங்கட கட்டடத்தில கீழ்மாடியில இருக்கிற அக்கா வந்து கேட்டபோது எரிச்சல் வரேல்லை.

அவவுக்கு ஒரே ஒரு மகள். ஊரில இருந்து நேர அமெரிக்காவுக்குக் கலியாணம் முடிச்சுப் போனவள். டெக்ஸஸில எல் பாசோ எண்ட இடத்தில பிள்ளை பிறந்து அப்ப ரெண்டு கிழமை. அக்கா இஞ்ச அகதியாய் வந்தவ. கேஸ் இன்னும் முடியேல்லை, எல்லை கடக்கேலாது. பிள்ளை பெத்தவைக்குக் குடுக்கிற சரக்குத்தூளை வறுத்து அரைச்சு, மூண்டு உறை போட்டுக் கட்டிக்கொண்டு வந்து நிண்டா.

"தூள் ஒரு சாட்டுத்தான் தங்கச்சி. நீங்கள் போய் என்ர பேரப்பிள்ளையை ஒருக்கால் தூக்கோணும். இவள் என்னத்தைச் சாப்பிடுறாள், இடுப்பு நாரி நோகுதோ, முகம் வாடிக் கிடக்கோ, எல்லாம் கண்ணால பாத்து வந்து சொல்லோணும். போனில கேட்டால் நல்லா இருக்கிறன் எண்டுதான் சொல்லுவாள்."

"உதென்ன பெரிய விசயமே? தம்பியின்ர காரில ஒருக்கால் எட்டிப் பாத்திட்டு வாறன்" எண்டன். பெரிய மனுசி! ஸ்காபரோவில இருந்து 401 ஹைவே பிடிச்சுப் பக்கத்து அஜக்ஸுக்குப் போறமாதிரித்தான் நான் நினைச்சன். டெக்ஸஸ் எண்டால் டெக்ஸஸ்தானே.

ஹூஸ்டனில போய் இறங்கின அண்டு சாப்பிடேக்க விசயத்தைச் சொன்னன். தம்பி சிரிச்ச சிரிப்பில புரைக்கேறிப்போச்சு. "அக்கா, விடியப் பிடிச்சு வெளிக்கிட்டால் இருட்டேக்கதான் போய்ச் சேருவம். நீங்கள் ஸ்காபரோவில இருந்து மொன்றியலுக்குப் போட்டுத் திரும்பி வந்தாலும் அவ்வளவு தூரம் வராது." எனக்குக் கையில எடுத்த சோறு வாய்க்குப் போகேல்லை.

அப்ப பாருங்கோ, என்ர மனுசன் அப்பளத்தை நொருக்கிக்கொண்டு சொல்லுறார். "எல் பாசோ ஹூஸ்டனை விடக் கலிபோர்னியாக் கடற்கரைக்குத்தான் கிட்ட. மணிக்கூடும் அங்க ஒரு மணித்தியாலம் பின்னுக்கு."

"உது உங்களுக்கு எப்ப தெரியும்?"

"ரிக்கெற் போட்ட கிழமையே வாசிச்சிட்டன்."

"அந்த அக்கா பார்சலோட வந்து நிக்கேக்க வாயில என்ன கொழுக்கட்டையே?"

"நீர்தானே என்ர கதையைக் கேக்கிறேல்லை" எண்டார். கோதாரி விழுவான் எண்டு வாய்வரைக்கும் வந்திட்டுது. தம்பியின்ர பெண்சாதி முன்னால இருந்ததால விழுங்கினன்.

பிளேன் பாத்தம். எங்களுக்கு இருந்த மூண்டு நாளில, குடிபூரல் அண்டு மட்டும்தான் ஒரே நாளில போய் வரக்கூடிய மாதிரிப் பிளேன் இருந்துது. சொந்தத் தம்பியின்ர குடிபூரலை விட்டிட்டு எப்பிடிப் போறது எண்டு நிண்டிட்டன். போயிருக்கலாம். பால் காய்ச்ச நான் இல்லாட்டி அந்த வீடு இடிஞ்சு விழுந்திருக்குமே? தூளைத் தபாலில போட்டன். அதுக்குக்கூடத் தம்பியைத்தான் அனுப்பினன்.

திரும்பி வாற பிளேனில மனுசன் ஜன்னலால பாத்து "எவ்வளவு பெரிய இடமப்பா" எண்டார். எனக்கு விசர் வந்திட்டுது. பத்து இலங்கை அடுக்கலாமாம், ஒரு தாய் ரெண்டு கிழமை வந்து நிண்டு மகளுக்குத் தலையில வெந்நி வாக்க மட்டும் இடமில்லையாம்! உந்தப் பெரிசு ஆருக்கு? இஞ்ச எங்கட பக்கம் அகதிக் கேஸ் பாக்கிறவையும் லேசுப்பட்டவையில்லை, வருசக்கணக்கா ஒரு கடுதாசிக்கு மனுசரைக் காக்க வைச்சிருக்கினம். இவ்வளவையும் சத்தமாய்த்தான் சொன்னன். பக்கத்துச் சீற்றில இருந்த வெள்ளைக்காரி காதில மாட்டிற சாமானை எடுத்து மாட்டினா.

வந்த அண்டே அக்காவின்ர கதவைத் தட்டினன். பொய் ஒண்டு ஆயத்தமாய்த்தான் வைச்சிருந்தன். அவவின்ர முகத்தைக் கண்டவுடன அது வரேல்லை. தூரத்தைச் சொன்னன், தபாலைச் சொன்னன், மனுசனையும் திட்டினன். அக்கா கோவிக்கேல்லை. கதிரையில மெல்ல இருந்தா.

"பார்சல் கிடைச்சதெண்டு மகள் சொன்னவள். அதில்லைத் தங்கச்சி. அவள் அங்க போகேக்க நான் இஞ்ச அழுதுகொண்டு திரிய, நீங்கள்தானே சொன்னனீங்கள், பயப்பிடாதேங்கோ, என்ர தம்பியும் டெக்ஸஸிலதான் எண்டு. அண்டையில இருந்துதான் நான் வடிவாய் நித்திரை கொண்டனான். ஆபத்து அந்தரத்துக்கு ஓடிப்போக எங்கட ஆக்கள் பக்கத்தில இருக்கினம் எண்டு."

அப்பிடி நான் சொன்னதே எனக்கு ஞாபகம் இல்லை. சொல்லியிருப்பன்.

"அப்ப என்ர பிள்ளைக்கு அங்க கிட்டடியில ஒருத்தரும் இல்லையோ?" எண்டு கேட்டா.