சாயக்காட்டுப் பிடிமண்

போன வாரம் புதிதாக வாங்கிய சிவப்புத் துண்டு ஒன்றை வாளியில் ஊறப்போட்டேன். கொஞ்ச நேரத்தில் தண்ணீரெல்லாம் சிவப்பு. கூடவே ஊறிய வீட்டுக்காரரின் வெள்ளைச் சட்டையும் ரோஸ் நிறத்துக்கு வந்துவிட்டது. அவர் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்ற நிலையைப் பார்த்துச் சிரித்தேன்தான். ஆனால் என் மூக்கில் ஏறியது வேறு. காரமான அந்தச் சாய நெடி. அதை முகர்ந்து எவ்வளவு காலமாகிவிட்டது!

தொண்ணூறுகளில் திருநெல்வேலியில் நான் இளநிலைப் பொறியாளர். பெரிய வார்த்தை, சனங்கள் வாயில் 'எஞ்சினியரம்மா'. பேட்டைப் பக்கம் ஒரு தெரு முடிவில், மூடிப்போன சாயப்பட்டறையின் இடம் சும்மா கிடந்தது. சாயக்காடு என்பார்கள். காடென்றதும் மரஞ்செடி என்று நினைத்துவிடாதீர்கள், புல்கூட முளைக்காது. மழை பெய்தால் ஊதாவிலும் பச்சையிலும் தண்ணீர் தேங்கி, வாய்க்கால் வழியே ஆற்றுக்குப் போகும். பள்ளிக்கூடமோ அதற்கு அந்தப் பக்கம், ஒரு வாடகைக் குடோனில். தெருப் பிள்ளைகள் செருப்பில்லாமல் குறுக்கே நடந்து நடந்து காலெல்லாம் புண். தெருமுனையில் பேச்சி என்று ஒருத்தி இட்லிக்கடை வைத்திருந்தாள். என் வயதுதான் இருக்கும். அவள் மகளுக்குப் பாதத்தில் வெடிப்பும் சீழும். மருந்து போட்டு ஆறவைப்பாள். பள்ளிக்கூடம் போனால் மறுபடியும் புண். படிப்பையே நிறுத்திவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் அந்த மண்ணை அகற்றி, நல்ல மண் நிரப்பி, அங்கேயே பள்ளிக்கூடம் கட்ட அரசு நிதி ஒதுக்கியது. அழுக்கு மண்ணை அள்ளுவதற்கெல்லாம் பணம் வருமா என்று எங்கள் அலுவலகத்தில் சிரித்தார்கள். வந்துவிட்டது. ஆனால் மார்ச் முடிவதற்குள் வேலையைத் தொடங்காவிட்டால் வந்த வழியே திரும்பிப் போய்விடும். முதல் வேலை, பரிசோதனைக்கு மண் எடுத்து அனுப்புவது. என்னைத்தான் அனுப்பினார்கள்.

புதுச் செருப்பு கறையாகிவிடுமே என்று கழற்றிவைத்துவிட்டு இறங்கினேன். மண்ணில் விஷம் என்று நிரூபிக்கப் போனவள் வெறுங்காலோடு! என்ன புத்தியோ. ஆய்வகத்தில் கொடுத்தது வெள்ளைத் துணிப்பைகள். கட்டுவதற்குப் பெட்டிக்கடையில் மஞ்சள் கயிறுதான் கிடைத்தது. ஒரு மூலையில் தெருவின் காவல்தெய்வமான மாடனுக்கு ஒரு பீடம் இருந்தது. அதன் பக்கத்திலிருந்தும் ஒரு பிடி அள்ளிக் கட்டினேன். நாளும் வெள்ளிக்கிழமை.

எங்கள் பக்கம் ஒரு சாமியை வேறு ஊரில் வைத்துக் கும்பிட வேண்டுமென்றால், பழைய கோயிலிலிருந்து ஒரு பிடி மண் எடுத்துத் துணியில் முடிந்துகொண்டு போவார்கள். பிடிமண் என்று பேர். வழியில் கீழே வைக்கக் கூடாது. வைத்த இடத்தில் சாமி இருந்துவிடும். இதெல்லாம் எனக்கும் தெரியும். அந்த நேரம் உறைக்கவில்லை.

நிமிர்ந்து பார்த்தால் தெருவே கூடி நிற்கிறது.

"எஞ்சினியரம்மா, எங்க மாடனை எங்கன கொண்டு போறிய?" பேச்சிதான் கேட்டாள்.

"சாமி இல்லம்மா, வெறும் மண்ணு. பரிசோதனைக்கு."

"மாடனுக்கு என்ன பரிசோதனை? அவருக்கு என்ன சீக்கு?"

விளக்க விளக்கச் சிக்கல்தான் கூடியது. ஒரு பிடிக்கே இந்தப் பாடென்றால், லாரி லாரியாக அள்ளும்போது? பணம் போய்விடுமே என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. பேச்சியை ஒட்டி நின்ற மகளின் காலைக் காட்டி, "இந்த மண்ணு போனாத்தான் இது ஆறும்" என்றேன். அவள் பிள்ளையின் காலைப் பார்த்தாள். பீடத்தைப் பார்த்தாள்.

"சரி, கொண்டு போங்க. பீடம் இங்கனயே இருக்கட்டும். ஆனா மண்ணு போய்ச் சேருத எடம் வரைக்கும் நாங்களும் வருவோம். வழியில எங்கயும் இறக்கப்பிடாது."

அப்படியே நடந்தது. ஒவ்வொரு லாரியிலும் டிரைவர் பக்கத்தில் தெருக்காரர் ஒருவர். மண் போக வேண்டியது ஊருக்கு வெளியே களிமண் மெழுகித் தார்ப்பாய் விரித்த குழிக்கு. காண்டிராக்டர் கணக்கு வேறாக இருந்தது. வழியில் ஒருவர் வீட்டுமனைப் பள்ளத்தை நிரப்ப மண் கேட்டிருக்கிறார். பின்னால் ஜீப்பில் வந்த எனக்கு, லாரி அங்கே நின்றதும்தான் விஷயம் புரிந்தது. நான் இறங்குவதற்குள் அந்த லாரியில் வந்த பேச்சி இறங்கிவிட்டாள்.

"அண்ணாச்சி, இது மாடன் இருந்த மண்ணு. இங்கன கொட்டுனா அவரு இங்கனயே இருந்துருவாரு. வருசா வருசம் கெடா வெட்டிக் கொடை குடுப்பியளா?"

மனைக்காரர் லாரிக்கு முன்னால் ஓடிவந்தார். "ஏலே, வண்டிய எடுலே மொதல்ல!" என்று டிரைவரை விரட்டினார்.

அதற்கப்புறம் ஒரு லாரியும் வழியில் நிற்கவில்லை. விதிமுறையும் முத்திரையும் எங்களிடம் இருந்தன. ஆனாலும் யார் வீட்டுக்கு அடியிலோ போயிருக்க வேண்டிய விஷத்தைத் தடுத்தது, நான் கழற்றிவைத்த செருப்பையும் மஞ்சள் கயிற்றையும் பார்த்து ஒரு தெரு தப்பாகப் புரிந்துகொண்டதுதான். அந்தத் தப்புக்கு நான் இன்றைக்கும் நன்றியோடு இருக்கிறேன். பேச்சியின் மகள் ஐந்தாம் வகுப்பைப் புதுக் கட்டடத்தில்தான் முடித்தாள்.

இந்தத் தை மாதம் அந்தப் பக்கம் போயிருந்தேன். பள்ளிக்கூடத்தில் மதிய இடைவேளை. பிள்ளைகள் ஓடிப்பிடித்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஒரு சிறுமியை நிறுத்தி, சாயக்காடு இதுதானே என்று கேட்டேன்.

"சாயக்காடா? அப்படி இங்கன ஒண்ணும் இல்லியே டீச்சர்" என்று சொல்லிவிட்டு ஓடினாள். வெறுங்கால். உள்ளங்காலில் புழுதியைத் தவிர ஒன்றுமில்லை.

இதைப் பேச்சியிடம் உடனே சொல்ல வேண்டும் என்று தெருமுனைக்கு நடந்தேன். இட்லிக்கடை இருந்த இடத்தில் செல்போன் கடை. அவள் இறந்து இரண்டு வருஷமாகிறது என்றார்கள். அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன்.