மேப்பு டாக்டரின் போட்டோ

வார்டுப் பிள்ளைகள்தான் அவளுக்கு மேப்பு டாக்டர் என்று பெயர் வைத்தார்கள். வலது கண்ணைச் சுற்றி ஒரு வெள்ளைத் திட்டு, உதட்டோரம் ஒன்று, இரண்டு கைகளிலும் விரல் நுனியிலிருந்து மணிக்கட்டு வரை தீவு தீவாகப் பல. இருமலோடு படுத்திருந்த ஒரு வாண்டு அவள் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இது எந்த நாடு?" என்று கேட்டது. "நீயே ஒரு பேர் வையேன்" என்றாள். அன்று சாயங்காலத்துக்குள் வார்டில் இருந்த அத்தனை பிள்ளைகளும் ஆளுக்கொரு நாட்டைப் பிடித்துக்கொண்டார்கள். மோதிர விரலுக்காக இரண்டு பேருக்குள் எல்லைத் தகராறு வந்து, ஒருத்தி தேம்பித் தேம்பி அழுதாள்.

பிள்ளைகளுக்கு இருக்கிற இந்த அறிவு பெரியவர்களுக்கு இல்லை. தோலில் நிறம் செய்கிற செல்கள் சில இடங்களில் வேலையை நிறுத்திவிடுகின்றன, அவ்வளவுதான் விஷயம். ஒட்டாது, பரவாது, யார் செய்த பாவமும் இல்லை. ஆனாலும் அதற்கு வெண்குஷ்டம் என்று ஒரு பொய்ப் பெயரைச் சூட்டி, படித்தவர்கள்கூட அதையே சொல்லிக்கொண்டு, பஸ்ஸில் பக்கத்து இருக்கை காலியாக இருந்தாலும் நின்றபடியே பயணம் செய்கிறார்கள். அவளுக்கு ஒன்பது வயதில் முதல் புள்ளி வந்தது. அந்த வாரமே வகுப்பில் அவள் பெஞ்சு விசாலமாகிவிட்டது.

அவள் அப்பா ஸ்டுடியோக்காரர். பஸ் நிலையத்துக்கு எதிரே, சாவிக்கடைக்கும் கண்ணாடிக்கடைக்கும் நடுவே ஒரு குறுகலான கடை. முன்னால் ஒரு கவுண்டர், திரைக்குப் பின்னால் ஒரு முக்காலி, இரண்டு விளக்குகள், நீலத் துணி. மூலையில் கம்ப்யூட்டர். கறுப்பானவர்களை மாநிறமாக்கி, மாநிறத்தைச் சிவப்பாக்கிக் கொடுப்பதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று பேர். இந்த வித்தையை அவராகக் கண்டுபிடிக்கவில்லை. பெண் தேடுகிறவர்களும் வேலைக்கு ஆள் எடுக்கிறவர்களும் கேட்டுக் கேட்டு அவர் கையில் ஏற்றிவிட்டார்கள். "கொஞ்சம் கலரைத் தூக்கிவிடுங்க" என்று யாராவது கவுண்டரில் சாய்ந்து கிசுகிசுக்காத நாளே கிடையாது.

மகளுக்குப் பள்ளி அட்டைக்காக ஒன்பது வயதில் எடுத்த போட்டோவிலிருந்து கடைசியாக எடுத்தது வரை, எல்லாவற்றிலும் அவரே உட்கார்ந்து புள்ளிகளைத் துடைத்துவிட்டார். யாரும் கேட்காமலேயே.

இப்போது அவள் மருத்துவப் படிப்பை முடிக்கப்போகிறாள். அடுத்தது மேற்பயிற்சி, அதுவும் குழந்தை மருத்துவத்தில், அதுவும் அந்தப் பெரிய குழந்தைகள் மருத்துவமனையில். வேறெங்கேயும் அவள் விண்ணப்பம் போடவில்லை. "ஒரே குதிரை மேல பணத்தைக் கட்டுறவளைப் பைத்தியம்னு சொல்வாங்க" என்றாள் அறைத்தோழி கண்ணாடி. தடித்த கண்ணாடிக்காரி என்பதால் அந்தப் பெயர். அவளும் அதே இடத்துக்குத்தான் போட்டிருந்தாள். விண்ணப்பம் அனுப்பும் கடைசி நாளில் மேப்புக்கு வார்டில் வேலை. அப்பாதான் கடையிலிருந்தே போட்டோவை ஏற்றி அனுப்பினார். போனில் கட்டைவிரல் அகலத்துக்கு அதைப் பார்த்தாள். வழக்கம் போல வழவழவென்று ஒரு முகம். சரி, போகட்டும் என்று விட்டுவிட்டாள். எத்தனையோ வருஷமாக விட்டதுதானே.

நேர்காணலுக்கு அழைப்பு வந்தது. சனிக்கிழமை காலை.

அம்மா செருப்புக் கடையில் விற்பனைக்கு நிற்கிறவள். கடையிலிருந்து சத்தம் போடாத ஒரு ஜோடி ஷூ வாங்கி வந்திருந்தாள். "நடக்கிறப்ப டொக்கு டொக்குன்னு கேட்டா உள்ள இருக்கிறவங்களுக்கு எரிச்சல் வரும். பூனை மாதிரி போ. புலி மாதிரி பேசு" என்றாள். அப்பா மகளின் தோளில் இல்லாத தூசியைத் தட்டினார்.

மருத்துவமனையின் இரண்டாவது மாடியில் நீளமான தாழ்வாரம். கோடியில் நேர்காணல் அறை. அதற்கு முன்னால் ஒரு மேஜை, மேஜையில் ஒரு கம்ப்யூட்டர், பின்னால் அரைக்கை சட்டை போட்ட ஒரு நடுத்தர வயதுக்காரர். சரிபார்ப்பு அவர் வேலை. அவள் முறை வந்ததும் திரையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார்.

"இது யாரும்மா?"

"நான்தான் சார்."

"தங்கச்சியா?"

"எனக்குத் தங்கச்சி இல்ல சார்."

"அக்கா?"

"ஒரே பொண்ணு சார்."

அவர் மூக்கைச் சொறிந்துகொண்டார். "தப்பா எடுத்துக்காதீங்க. போன வருஷம் தம்பிக்குப் பதிலா அண்ணன் வந்து உக்காந்துட்டான். என் வேலையே போயிருக்கும். வேற போட்டோ அட்டை ஏதாவது இருந்தா காட்டுங்க."

பையைத் திறந்தாள். கல்லூரி அட்டை, தேர்வு அனுமதிச் சீட்டு, நூலக அட்டை, போட்டோ ஒட்டிக் கொடுத்து வாங்கிய அரசாங்க அட்டை என்று மேஜை மேல் வரிசையாக வைத்தாள். எல்லாம் அப்பாவின் கைவேலை. கல்லூரியில் அவளைத் தெரிந்தவர்கள் அட்டையை எட்டிக்கூடப் பார்த்ததில்லை. அதனால் இதுவரை பிரச்சினை வந்ததுமில்லை. மேஜைக்காரர் ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார்.

"இதுல ஒண்ணுலகூட நீங்க இல்லையேம்மா" என்றார். கேலியில்லை, வருத்தமாகவே சொன்னார். அதனால்தான் சுருக்கென்றது.

பின்னாலிருந்து கண்ணாடி பாய்ந்து வந்தாள். "நான் சாட்சி சார்! அஞ்சு வருஷமா ஒரே ரூம். இவ தூக்கத்துல எலும்பு பேரெல்லாம் ஒப்பிப்பா, அதுவரைக்கும் எனக்குத் தெரியும்."

"நீங்க யாருன்னே நான் இன்னும் பாக்கலம்மா. வரிசையில நில்லுங்க."

கல்லூரி அலுவலகத்துக்குப் போன் போட்டார். சனிக்கிழமை, மணி அடித்து அடித்து ஓய்ந்தது. கைரேகை எடுப்பதெல்லாம் சேர்ந்த பிறகுதான். "மத்தியானம் குழு எந்திரிச்சிடும். அதுக்குள்ள ஏதாவது கொண்டு வாங்க. அதுக்கு மேல என் கையில இல்ல."

தாழ்வாரத்தின் ஜன்னலோரம் போய் நின்றாள். இத்தனை வருஷப் படிப்பும் அப்பா துடைத்த ஒரு துடைப்பில் போய்விடும் போலிருந்தது. போனை எடுத்தாள்.

"சொல்லு பாப்பா, முடிஞ்சுதா?" அப்பாவின் குரலுக்குப் பின்னால் யாரோ ஒரு பெண், 'இன்னும் கொஞ்சம் வெள்ளையா வராதா அண்ணா?' என்று கேட்பது காதில் விழுந்தது.

"அப்பா, நீங்க துடைக்காத போட்டோ ஏதாவது இருக்கா?"

"யாரோடது?"

"என்னோடது. ஒண்ணே ஒண்ணு இருந்தாக்கூடப் போதும். நான் நானில்லைன்னு சொல்றாங்கப்பா."

அந்தப் பக்கம், "நீங்க கொஞ்சம் வெளிய இருங்கம்மா" என்று வாடிக்கையாளரை அனுப்பும் குரல். பிறகு முக்காலி இழுபடும் சத்தம்.

"ஒரிஜினலை நான் அழிக்கிறதே இல்ல பாப்பா. யாரோடதா இருந்தாலும் சரி. பிரதி எடுத்து, பிரதி மேலதான் கை வைப்பேன். எதை அனுப்பட்டும்?"

"எல்லாத்தையும் அனுப்புங்க."

முதலில் வந்தது விண்ணப்பப் போட்டோவின் ஒரிஜினல். அதே வெள்ளைச் சட்டை, காலரில் அதே சுருக்கம், காதோரம் பறக்கிற அதே ஒற்றை முடி. முகம் மட்டும் அவளுடையது. பிறகு ஒவ்வொன்றாக வந்து விழுந்தன. கல்லூரியில் சேர்ந்தபோது. பள்ளி இறுதித் தேர்வின்போது; அப்போதுதான் உதட்டோரப் புள்ளி எட்டிப் பார்த்திருந்தது. பின்னால் போகப் போகப் புள்ளிகள் சுருங்கின, கன்னம் உப்பியது. கடைசியில் இரட்டைப் பின்னலோடு ஒன்பது வயதுப் பெண். கண்ணின் கீழே அரிசி அளவுக்கு ஒரு வெள்ளை.

அந்த நாள் அவளுக்கு நினைவிருந்தது. பள்ளியிலிருந்து அழுதுகொண்டே வந்து முக்காலியில் உட்கார்ந்தவளை அப்பா ஏதோ கோமாளித்தனம் செய்து சிரிக்க வைத்து எடுத்தார். பிறகு கம்ப்யூட்டர் முன்னால் மடியில் உட்கார வைத்து, "இப்ப பாரு" என்றார். புள்ளி மறைந்துபோனது. அவள் கைதட்டினாள். அன்றிலிருந்து போட்டோவில் இருப்பதுதான் சரியான பிரதி, கண்ணாடியில் தெரிவது திருத்த வேண்டிய கைப்பிரதி என்று மனசின் ஏதோ ஒரு மூலையில் நம்பிக்கொண்டே வளர்ந்துவிட்டாள். புத்தகத்தில் இந்தப் பாடத்தைக் கோடு போட்டுப் படித்தவள், வார்டில் தாய்மார்களுக்கு விளக்கிச் சொன்னவள், அவளே இப்படி.

அவள் பயந்த மாதிரி அந்தப் படங்களில் ஒரு நோயாளி இல்லை. கேமராவுக்குப் பின்னால் நிற்கிற அப்பாவைப் பார்த்துச் சிரிக்கிற ஒரு பெண் இருந்தாள். வருஷா வருஷம் இருந்திருக்கிறாள்.

மேஜைக்காரர் போனை வாங்கித் திரைக்குப் பக்கத்தில் பிடித்தார். காலர் சுருக்கத்தைப் பார்த்தார், பறக்கும் முடியைப் பார்த்தார். ஒன்பது வயதுப் பெண் வரை விரலால் தள்ளிக்கொண்டே போனார்.

"ஒரே போட்டோதான். சந்தேகமே இல்ல." போனைத் திருப்பிக் கொடுத்தார். "இதுல நல்லாத்தானம்மா இருக்கீங்க? எதுக்கு மாத்தினாங்க?"

அவள் அட்டைகளைப் பொறுக்கிப் பையில் போட்டாள். "சேரும்போது உண்மையான போட்டோவோட வரணும், அதுக்கு இங்க ஒரு கையெழுத்து" என்றார். போட்டாள்.

உள்ளே இரண்டு பேர். நரைத்த முடியைக் குட்டையாக வெட்டியிருந்த தலைமை மருத்துவர் அம்மா. பக்கத்தில் டை கட்டிய ஒருவர். படிப்பு, மதிப்பெண், மருந்தளவு என்று கேள்விகள் ஒழுங்காகத்தான் போயின. கடைசியில் டைக்காரர் பேனாவை மூடினார்.

"பர்சனலா எடுத்துக்காதீங்க. சின்னக் குழந்தைங்க உங்களைப் பார்த்துப் பயப்படாதா?"

பர்சனலாக எடுத்துக்கொள்ளாதீர்கள் என்று தொடங்குகிறவர்கள், அடுத்து ஆளைப் பார்த்துத்தான் கல்லை எறிகிறார்கள். கறுப்பாக இருந்தால், குட்டையாக இருந்தால், கால் சாய்ந்து நடந்தால் இப்படி ஒரு கேள்வி தயாராக இருக்கிறது. அதை எப்போதும் குழந்தைகள் பேரைச் சொல்லியே கேட்கிறார்கள். குழந்தைகள் யாரும் கேட்கச் சொன்னதில்லை.

"மொதல்ல பயப்படும் சார்" என்றாள் மேப்பு. "ஊசிக்கும் பயப்படும், வெள்ளைக் கோட்டுக்கும் பயப்படும். என்கிட்ட ஒரு வசதி இருக்கு. பயந்த குழந்தை என் கையைத் தொட்டுப் பாக்கும். போன மாசம் ஒரு பையன் வயித்து வலின்னு வந்தான். யாரு பக்கத்துல போனாலும் வயித்தை இறுக்கிக்கிட்டுக் கத்தினான். வயிறு பலகை மாதிரி இருக்கு. எங்க வலின்னே கண்டுபிடிக்க முடியல. ஒரு கையை அவன்கிட்ட கொடுத்து, இதுல எத்தனை நாடு இருக்குன்னு எண்ணச் சொன்னேன். எண்ண ஆரம்பிச்சதும் வயிறு தளர்ந்திருச்சு. இன்னொரு கையால மெதுவா அமுக்கிப் பாத்தேன்."

தலைமை அம்மா முன்னால் சாய்ந்தார். "எங்கேயும் இறுக்கம் இல்லையா?"

"வலது பக்கம் கீழே மட்டும் இருந்துச்சு மேடம். எண்ணிக்கிட்டே இருந்தாலும் அந்த இடம் தளரவேயில்ல. அப்பெண்டிக்ஸ். அன்னிக்கே ஆபரேஷன் ஆச்சு."

"எத்தனை நாடுன்னு சொன்னான்?"

"பாதியில சண்டை போட்டான் மேடம். கட்டைவிரல்ல இருக்கிறது தீவா நாடான்னு."

அந்த அம்மா வாய்விட்டுச் சிரித்தார். டைக்காரர் பேனாவைத் திறந்து ஏதோ எழுதினார். என்ன எழுதினார் என்று அவளுக்குத் தெரியாது.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது அப்பா கடையைச் சீக்கிரமே பூட்டிவிட்டு வந்து, சட்டைகூட மாற்றாமல் உட்கார்ந்திருந்தார். அம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "ரெண்டு பேரும் மூஞ்சியைத் தூக்கி வச்சிட்டிருந்தா நான் யாருகிட்ட பேசறது? சுவத்துக்கிட்டயா?"

"போட்டோவைப் பார்த்துக் கூப்பிடாம விட்டுருவாங்கன்னு பயந்தேன்" என்றார் அப்பா, தரையைப் பார்த்து. "ஆளைப் பாத்துதான எடுக்கிறாங்க எல்லா எடத்துலயும்? தினம் கடையில பாக்கிறேனே."

"கூப்பிட்டாங்கதான்பா. ஆனா யாரைக் கூப்பிட்டாங்க? அந்தப் பொண்ணைக் கூப்பிட்டாங்க. போக வேண்டியது நானாச்சே."

"அன்னிக்கு நீ அழுதிட்டு வந்தே" என்றார் அப்பா. "டாக்டரு சரியாகும்னும் சொல்லல, ஆகாதுன்னும் சொல்லல. எனக்குத் தெரிஞ்ச வைத்தியம் அது ஒண்ணுதான் பாப்பா."

கோபத்தோடுதான் அவள் படியேறி வந்திருந்தாள். அது எங்கே போனதென்று தெரியவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்து, புள்ளி விழுந்த கையை அவர் முழங்கால் மேல் வைத்தாள். அவர் அதை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டார்.

"பெரிய ஓவியரு" என்றாள் அம்மா, முகத்தைத் துடைத்துக்கொண்டே. "என் கல்யாணப் போட்டோவுல என் பல்லையும்தான் நேராக்கினாரு. நான் ஏதாவது கேட்டேனா?"

இடம் கிடைத்தது. கண்ணாடிக்கும் கிடைத்தது, மறுபடி ஒரே அறை. உலகம் ஒன்றும் திருந்திவிடவில்லை. முடிவு வந்த அன்றும் இரண்டு பேர் கவுண்டரில் சாய்ந்து கலரைத் தூக்கச் சொன்னார்கள்.

சேருவதற்கு முந்தின நாள் அவள் ஸ்டுடியோவின் முக்காலியில் போய் உட்கார்ந்தாள். அப்பா இரண்டு விளக்கையும் போட்டார். கேமராவில் கண்ணை வைத்தவர், எடுக்காமல் நிமிர்ந்தார். வந்து வலது விளக்கைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளினார். போய்ப் பார்த்தார். மறுபடி வந்து தணித்தார்.

"என்னப்பா, இவ்வளவு நேரமா?"

"இரு பாப்பா. இத்தனை வருஷமா அந்தப் பக்கத்துக்கு லைட்டே சரியா வச்சதில்ல, எப்படியும் துடைக்கத்தானே போறோம்னு." அவள் முகவாயை ஒரு விரலால் லேசாகத் திருப்பினார். "இப்படி வச்சாத்தான் கண்ணைச் சுத்தி இருக்கிற அந்தத் திட்டோட விளிம்பு தெளிவா விழும். சிரி."