துருத்தியில் ஒட்டிய தோல்

விளாத்திகுளம் ரோட்டில் இறங்கிப் பருத்திக்காட்டு வழியே உள்ளே போனால் ஒரு சின்ன சர்ச் வரும். அதற்குள் ஒரு பைப் ஆர்கன் இருக்கிறது, வெள்ளைக்காரன் காலத்தில் கப்பலில் வந்து இறங்கியது. ஞாயிறுதோறும் ஜெயப்பிரியா டீச்சர் வாசிப்பார். வாசிக்கக் காற்று வேண்டுமே, பக்கத்து மரப்பிடியை அழுத்தி அழுத்தித் துருத்தியை ஊதவைப்பவர் ஆட்டுக்கார இசக்கிபாண்டி. அவருக்கு ஒரு பாட்டும் தெரியாது. சர்ச் சுவரை ஒட்டி வீடு, கேட்டால் மாட்டேன் என்று சொல்ல வராத வாய். வேலை அப்படித்தான் அவர் தலையில் விழுந்தது.

அவர் மகள் முத்துசெல்விக்குச் சின்னதிலிருந்தே இளைப்பு. போன வருஷம் மூச்சு நின்று வந்த அன்று, கருப்பசாமிக்கு ஒரு கிடாயை நேர்ந்துவிட்டார். இளைப்பு போயே போய்விட்டது. பிள்ளை சைக்கிள் மிதித்துப் பள்ளிக்கூடம் போனாள்.

கோயில் கொடைத் திருவிழாவுக்கு முன்னாலேயே அந்தக் கிடாய் சோளக்குருத்தைத் தின்று வயிறு ஊதிச் செத்தது. நேர்ந்த கிடாய் அப்படிச் செத்தால் தோலோடு புதைத்துவிட்டு, சாமிக்கு வேறு கிடாய் சொல்ல வேண்டும். ஆடு மேய்க்கிற வீட்டில் இது நண்டுசிண்டுக்கும் தெரியும். ஆனால் அந்த வாரம் பார்த்து எலி துருத்தியைக் கடித்து வைத்திருந்தது. நல்ல தோலாக ஒன்று வேண்டும் என்று டீச்சர் கேட்டிருந்தார். மண்ணுக்குப் போகிற தோல்தானே என்று மனுஷன் உரித்துவிட்டார். பதமாக்கிக் கொடுத்தார், தச்சர் பசை காய்ச்சி ஒட்டினார். இசக்கிபாண்டி வேறு கிடாய் சொல்வதையும் நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போட்டார். வீட்டில்கூட வாயைத் திறக்கவில்லை.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்து பிடியை விட்டபிறகும் துருத்தி அடங்கவில்லை. தானாக ஏறியது, இறங்கியது. ஒரு குழாய் மட்டும் சன்னமாக இழுத்தது. வீட்டுக்கு வந்தால் முத்துசெல்வி கட்டிலில் முதுகை வளைத்து உட்கார்ந்திருக்கிறாள், நெஞ்சுக்குள்ளிருந்து அதே சத்தம். இசக்கிபாண்டி திரும்பச் சர்ச்சுக்கு ஓடினார். டீச்சரிடம் துருத்தி ஏறி இறங்குவதை மட்டும் சொன்னார். உள்ளே தங்கின காற்று, பழைய பெட்டி அப்படித்தான் என்று டீச்சர் சிரித்தார்.

அதிலிருந்து பட்டப்பகலில், பூட்டிய சர்ச்சுக்குள் ஆர்கன் இழுக்கும். சுவருக்கு இந்தப் பக்கம் பிள்ளை இழுப்பாள். அது ஏறும்போது இவள் நெஞ்சும் ஏறியது. இன்ஹேலர் எடுபடவில்லை. கோவில்பட்டி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியும் பலனில்லை.

சனிக்கிழமை மத்தியானம் சாவி வாங்கி, தனியாகப் போய் ஆர்கன் பெட்டியைத் திறந்தார். தோலைப் பிய்த்துப் புதைத்துவிட்டால் சாமி கோபம் தணியும் என்று நினைத்தார். கத்தியால் ஓரத்தைக் கிளப்பியதும் துருத்தி புஸ்ஸென்று உட்கார்ந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் அவர் மனைவி அமுதவள்ளி அலறினாள்.

"பிள்ளைக்கு மூச்சு வரலையே!"

கிளம்பிய தோலை ஒரு கையால் பொத்தி, மறு கையால் பிடியை அழுத்தினார். அந்தப் பக்கம் பிள்ளை இருமினாள். லேசாகக் கையை எடுத்துப் பார்த்தார். இருமல் நின்றது. பதறிப்போய்த் திரும்பவும் பொத்தினார். பெற்ற மகளை ஓடிப்போய்ப் பார்க்க வழியில்லாமல், அழுதுகொண்டே காற்றடித்தார்.

பாட்டுப் பழக வந்த டீச்சர் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். இசக்கிபாண்டி கிடாய்க் கதை முழுக்கக் கொட்டித் தீர்த்தார்.

"டீச்சர், இதைப் பொத்திக்கிட்டு காத்தடிங்க. பட்டியில ஒரு கிடாயப் பிடிச்சிட்டு கருப்பசாமிகிட்ட ஓடிட்டு வாரேன்."

டீச்சருக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. முதலில் பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்றார். அவர் அழுகையைப் பார்க்கப் பொறுக்காமல்தான் பிடியை வாங்கி, தோல்மேல் உள்ளங்கையை வைத்தார். வைத்த கையை எடுக்கவில்லை. மறு கையால் பிடியை அழுத்தத் தொடங்கினார்.

"ஓடுங்க அண்ணாச்சி," என்றார். "தோலு சூடா இருக்கு."