கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு அம்மன்

அந்த அறையில் எந்த வாசனையும் இல்லை. அதுதான் முதலில் என்னைக் குழப்பியது.

எண்ணெய் இல்லை, கற்பூரம் இல்லை, வாடிய மல்லி இல்லை... ஆனால் எதிரே கண்ணாடிப் பெட்டிக்குள் அம்மன் நின்றுகொண்டிருந்தாள். புடவை இல்லாமல். கீழே சின்ன அட்டையில் 'வெண்கலம், தமிழ்நாடு' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது.

ஸ்காட்லாந்தில் ஆர்ட் ஹிஸ்டரி எம்.ஏ. சேர்ந்த புதிது. ஸ்காலர்ஷிப் கிடைத்ததால் முத்தாபுதுப்பேட்டையிலிருந்து நேராக அங்கே போய் இறங்கியிருந்தேன். நான் என்ன படிக்கப் போகிறேன் என்று எங்கள் தெருவில் யாருக்கும் புரியவில்லை. "ஹார்ட்டுக்கா படிக்கப் போற? எங்க ஊட்டுக்காரருக்கு மாடி ஏறுனா நெஞ்சை அடைக்குதுமா, இன்னான்னு பாரேன்" என்றார் பக்கத்து வீட்டு சரளாக்கா. ஹார்ட் இல்லை, ஆர்ட் என்று விளக்கினேன். "ஓ... டிராயிங்கா" என்றவர் முகம் தொங்கிப்போனது.

அன்று வகுப்பையே மியூசியத்தில் வைத்திருந்தார் எங்கள் புரொபசர் ஃபியோனா. ஆளுக்கொரு மடக்கு ஸ்டூல். 'உங்களுக்குத் தெரிந்ததைச் சொல்லாதீர்கள், கண்ணுக்குத் தெரிவதை மட்டும் சொல்லுங்கள்.' இவ்வளவுதான் பயிற்சி.

வகுப்பிலிருந்த இத்தாலிக்காரன் இடுப்பின் வளைவைப் பற்றிப் பேசினான். லின் என்ற சீனப் பெண் விரல்களைப் பற்றிப் பேசினாள். என் முறை வந்தபோது எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். இவள் அந்த வீட்டுப் பெண், இவளுக்குத்தான் எல்லாம் தெரியும் என்கிற மாதிரி.

எனக்கோ அம்மன் என்றால் ஒரு முகம், மூக்குத்தி, அதற்குக் கீழே பச்சைப் பட்டு. அவ்வளவுதான். அவளுக்கு இடுப்பு என்று ஒன்று இருக்கும் என்று நான் யோசித்ததே இல்லை. கழுத்துக்குக் கீழே பார்க்கக் கூச்சமாக இருந்தது. கைகூப்பலாமா... கூப்பினால் சிரிப்பார்களா... கூப்பாமல் உட்கார்ந்திருந்தால் அது தப்பா...

"அவங்களுக்குக் குளிரும்" என்று ஆங்கிலத்தில் உளறிவிட்டேன்.

யாரும் சிரிக்கவில்லை. நோட்டில் எழுதிக்கொண்டார்கள். அது இன்னும் குழப்பம்.

வகுப்பு கலைந்த பிறகும் நான் எழுந்திருக்கவில்லை. அப்போதுதான் அம்மாவின் வீடியோ கால் வந்தது. அம்மா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கார்மென்ட்ஸ் கம்பெனியில் டெய்லர். ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வந்ததும் கூப்பிடுவாள்.

"பின்னாடி யாருடி அது?"

"அம்மன்மா. மியூசியத்துல வச்சிருக்காங்க."

"இன்னாடி இது, பொம்பளைய துணி இல்லாம நிக்க வச்சிகிறானுங்க! நல்லா நேரா காட்டு... தோ வரேன், கட் பண்ணிடாத."

போனில் சுவர் மட்டும் தெரிந்தது. பிறகு தட்டு, அதில் கற்பூரம், பின்னால் சரளாக்காவின் பாதி முகம். அம்மா போனுக்கு ஆரத்தி காட்டினாள்! நான் போனை அம்மன் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

காவலர் வந்துவிட்டார். பெரிய உருவம், நரைத்த மீசை. "என் அம்மா கும்பிடறாங்க" என்றேன். அவர் திரையில் எரிகிற நெருப்பைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அறைக்குள் நெருப்பு கூடாது என்பது விதி. போனுக்குள் எரிகிற நெருப்புக்கு விதி இருக்கிறதா என்று அவருக்கும் தெரியவில்லை. கடைசியில், சத்தத்தை மட்டும் குறைக்கச் சொல்லிவிட்டு, கற்பூரம் அணைகிற வரை அங்கேயே நின்றார்.

எனக்கு அழுகை வந்தது. வெட்கமா, சந்தோஷமா என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை.

அதையே கட்டுரையாக எழுதிக் கொடுத்தேன். 'இது கலை வரலாறா, டைரியா என்று என்னால் முடிவு செய்ய முடியவில்லை' என்று ஓரத்தில் எழுதி, பாஸ் போட்டுவிட்டார் ஃபியோனா.

படிப்பு முடிந்து ஊர் திரும்பிவிட்டேன்; இப்போது வானகரத்தில் ஃபிளாட். அம்பத்தூரில் ஒரு ஐ.டி. கம்பெனியில் வேலை. பார்வை இல்லாதவர்களுக்காக, வெப்சைட்டில் வருகிற படங்களை வார்த்தையில் விவரித்து எழுதுகிறேன். என் படிப்புக்கு எங்கேயோ ஒரு இடம் கிடைத்துவிட்டது.

போன வெள்ளிக்கிழமை அம்மாவோடு கோயிலுக்குப் போனேன். திரை விலகியது. உற்சவருக்கு மாம்பழக் கலர் பட்டு, கழுத்து நிறைய சாமந்தி. எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நானோ... பட்டுக்குள்ளே அந்த வளைவு எங்கே திரும்புகிறது, எடை எந்தக் காலில் நிற்கிறது என்று தேடிக்கொண்டிருந்தேன். அங்கே சிலையைப் பார்க்கச் சொன்னார்கள், முடியவில்லை. இங்கே சாமியைப் பார்க்க வந்தேன், அதுவும் சட்டென்று முடியவில்லை.

"இன்னாடி முறைச்சிகினு நிக்கிற? கும்புடு."

கும்பிட்டேன்.

வெளியே வந்து செருப்பு மாட்டும்போது அம்மா கேட்டாள்: "இன்னா வேண்டிகினே?"

"ஒண்ணும் வேண்டிக்கலமா. சும்மா பாத்துகினே நின்னுட்டேன்."

"சும்மா பாக்கறதுக்கா அவ்ளோ தூரம் போயி படிச்சிட்டு வந்தே?"

ஆமாம்மா என்று சொல்வதா, இல்லம்மா என்று சொல்வதா... ஆட்டோ வந்துவிட்டது, ஏறிவிட்டோம்.